ஒரு நடைக்கு ஒரு பெயர்

சம்பத்தின் கால்கள் இனிச் செல்லாது என்று ரயில் நிலைய வாசல் அறிவித்தபோது அவன் கையில் யாரோ ஒருவருக்கான ரத்தம் இருந்தது.

நிஜமான ரத்தம்தான். நீலப் பெட்டியில், ஐஸ் பைகளுக்கு நடுவே, இரண்டு உறை. ரத்த வங்கியிலிருந்து ஆஸ்பத்திரிகளுக்கு எடுத்துப் போவது அவன் வேலை. ஒரு காலத்தில் இந்த வேலையை டிரோன்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். வடசென்னைக் காத்தாடிகளின் மாஞ்சா நூல் அவற்றை வரிசையாக மொட்டைமாடிகளில் இறக்கிவிட்டது. மனிதனே தேவலை என்று முடிவாயிற்று.

வாசலில் சிவப்பு விளக்கு. அதன் கீழே எழுத்து: 'இந்த நடை முடக்கப்பட்டுள்ளது.'

டோக்கன், அட்டை, செல்போன் எல்லாம் மலையேறி வருடக்கணக்காகிவிட்டது. நகரத்து ரயிலையும் பஸ்ஸையும் சேர்த்து நடத்தும் 'நகரவழி' நிறுவனத்துக்கு இப்போது நடை போதும். தரைக்கற்கள் பாதம் விழும் விதத்தைப் படிக்கும். கூரையில் இருக்கும் கண்கள் இடுப்பும் தோளும் அசையும் விதத்தைப் படிக்கும். வாசலை நெருங்குவதற்குள் இன்னார் என்று தெரிந்து பச்சை விளக்கு எரியும், கட்டணம் தானாகக் கழிந்துவிடும். விரல் ரேகையை நகலெடுக்கலாம், முகத்துக்கு முகமூடி போடலாம், நடையை யார் திருடுவது என்று கேட்டார்கள். ஆரம்பத்தில் சென்னைக்காரர்கள் சினிமாக் கதாநாயகர்களைப் போல நடந்து பார்த்தார்கள். பிறகு அலுத்துப்போய், தங்கள் நடையிலேயே ஆபீசுக்குப் போனார்கள்.

குழந்தைகளுக்கு மட்டும் விலக்கு. வளர வளர நடை மாறிக்கொண்டே போகும் என்பதால் மைனர்களிடம் வாசல் பெயரும் கேட்காது, பணமும் கேட்காது. கிலுகிலுப்பை மாதிரி ஒரு சத்தம் போட்டுத் திறந்துவிடும். சம்பத்தின் மகள் தாரிணி அந்தச் சத்தத்துக்காகவே வேண்டுமென்று இரண்டு முறை உள்ளே போய் வருவாள்.

வாசல் அடையாளம் காணாதவர்களுக்கு ஓர வாசல் என்று ஒன்று இருந்தது. காலில் மாவுக்கட்டுப் போட்டவர், மாலை போட்டுச் செருப்பை விட்ட ஐயப்ப பக்தர், அபூர்வமாகப் புடவை கட்டிக்கொண்டு வந்த கல்லூரிப் பெண் என்று அங்கே எப்போதும் ஒரு சின்னக் கூட்டம். பெட்டியைத் தோளோடு அணைத்துக்கொண்டு சம்பத்தும் அங்கே போய் நின்றான். முன்னால் கர்ப்பிணி ஒருத்தி, ரெஹானா என்று பெயர், காவலாளியிடம் அலுத்துக்கொண்டிருந்தாள்.

"மாசா மாசம் நான் வேற ஆளாயிடறேன்னு சொல்லுதுண்ணா இது. எங்க வீட்டுக்காரரே இப்டி சந்தேகப்பட்டதில்ல."

அவளைக் காவலாளி பெயர் கேட்டு உள்ளே விட்டார். சம்பத்தின் பெயரைத் தட்டியதும் கையை விரித்தார். "உங்களுதை நான் தொறக்க முடியாது சார். மோசடின்னு வருது."

ஆட்டோ பிடித்துப் பெரம்பூருக்கு ஓடினான். ரத்தம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவன்தான் சேரவில்லை. வழியெல்லாம் அந்த ஒரு சொல் கூடவே வந்தது.

நகரவழியின் அலுவலகத்தில் அவனை உட்காரவைத்துப் பேசியவர் கார்முகிலன். நடை படிக்கும் பிரிவின் பொறியாளர். வயது குறைவு, குரலும் தாழ்வு. கெட்ட செய்தி சொல்வதற்கென்றே செய்தது போன்ற மனிதர்.

"சார், உங்களைத் திருடன்னு நான் சொல்லல. உங்க நடைய நீங்க வித்திருக்கீங்கன்னு சிஸ்டம் சொல்லுது."

"நடைய எப்டி சார் விக்கறது? கிலோ கணக்குலயா?"

கார்முகிலன் சிரிக்கவில்லை. "ஷூவுக்குள்ள வைக்கிற கருவி இருக்கு. ஒருத்தர் நடைய இன்னொருத்தர் காலுக்கு ஏத்திடும். பாருங்க, போன மாசம் ஒரே காலைல நீங்க கிண்டிக்குப் போயிருக்கீங்க, அண்ணா நகருக்குப் போயிருக்கீங்க, தாம்பரத்துக்கும் போயிருக்கீங்க. அதுக்கு முந்தின மாசமும் இதே கதை."

"ரெண்டு பேருக்கு ஒரே நடை இருக்கப்படாதா?"

"இருக்காது. ஒரு நடைக்கு ஒரு பெயர். இந்த ஏற்பாடு மொத்தமும் அந்த ஒரு வரி மேலதான் நிக்குது."

பிறகு மேஜை மேல் ஒரு ஜோடி ரப்பர் பட்டைகளை வைத்தார். குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனை கிடையாது. இந்தப் பட்டைகளைச் செருப்புக்குள் வைத்து மூன்று மாதம் நடக்க வேண்டும். குதிகாலில் கொஞ்சம் உயரம், பக்கத்தில் கொஞ்சம் சரிவு. கால் வேறு நடையைப் பழகிக்கொள்ளும், அதற்குப் புதுக் கணக்குத் திறந்து தருவார்கள். ஒப்புக்கொள்ளாமல் வழக்காடித் தோற்றால் மூன்று வருடம் எந்த வாசலும் திறக்காது.

"கழட்டினா பழைய நடை வந்துடுமோல்லியோ?"

"வராது சார். கால் மறந்துடும். அதுக்குத்தான் மூணு மாசம்."

அட்டை தொலைந்தால் வேறு அட்டை வாங்கலாம். இதற்கு என்ன செய்வது என்று சம்பத்துக்குத் தெரியவில்லை. பட்டைகளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

அந்த நடைக்கு அவன் ஏன் உயிரை விட வேண்டும்? காரணம் இருந்தது. அவன் வீட்டுத் தெருக்கோடியில் வரந்தரும் பெருமாள் கோயில். சம்பத் அங்கே ஸ்ரீபாதம் தாங்கி, அதாவது புறப்பாட்டின்போது பெருமாளின் பல்லக்கைத் தோளில் சுமப்பவர்களில் ஒருவன். அவர்களில் பாங்க்காரர் உண்டு, சாப்ட்வேர் உண்டு, கேட்டரிங் உண்டு. விடியற்காலையில் வேட்டியை இறுக்கிக்கொண்டு தண்டுக்குக் கீழே நுழைந்துவிட்டால் யாருக்கும் வேலையும் இல்லை, பெயரும் இல்லை. முழங்கால் மடிவது, குதிகால் விழுவது, மூச்சு வாங்குவது எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒருவன் கால் பிசகினால் அத்தனை தோளும் சரியும், மேலே பெருமாள் ஆடிப்போவார். அவர்கள் யாரும் 'தூக்கினோம்' என்று சொல்ல மாட்டார்கள். 'பெருமாள் ஏளறார்' என்பார்கள். எழுந்தருளுகிறார், அவரேதான் நடக்கிறார், இவர்கள் கால்கள் மட்டும் என்று அர்த்தம்.

பட்டையை வைத்துக்கொண்டால் வேலை பிழைக்கும், தோள் போய்விடும். வைக்காவிட்டால் தோள் பிழைக்கும், வேலை போய்விடும்.

மருந்துக்கடையில் வேலை முடிந்து வந்த அவன் மனைவி மைதிலி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பட்டைகளைக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்தாள்.

"ஒத்துக்கோன்னுதான் சொல்லணும்னு வாய் வரைக்கும் வர்றது. வாடகை இருக்கு, தாரிணி ஸ்கூல் இருக்கு."

"சொல்லேன்."

"சொல்லிட்டு? கருட சேவைக்குப் பெருமாள் நம்ம வாசல்ல ஏளும்போது நீ கும்பலோட நின்னுண்டு சேவிப்ப. அப்போ உன் மூஞ்சிய நான் எப்டிப் பாக்கறது? போய் வக்கீலப் பாரு."

ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த ஜெசிந்தா அந்தத் தெருவுக்கே வக்கீல். வாடகைத் தகராறிலிருந்து விவாகரத்து வரை எல்லாம் அவரிடம்தான். சம்பத் சொன்னதைக் கேட்டு நெடுநேரம் பேனாவைக் கடித்தார்.

"நீ விக்கலைன்னு நான் நம்பறேன்யா. ஆனா ஒரே காலைல அத்தனை எடத்துக்கு எப்டிப் போனன்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?"

"எனக்கும் தெரியல மேடம்."

"நல்லது. ரெண்டு பேரும் தெரியாமலே போவோம். வாசலையே நேர்ல பாக்கணும்னு நடுவர்கிட்ட கேக்கறேன். ரூம்ல உக்காந்து பேசினா அவங்க காகிதந்தான் ஜெயிக்கும்."

பயணிகள் குறைதீர் நடுவர் செண்பகவல்லி ஒப்புக்கொண்டார். விசாரணை, நிலையத்தின் உள்கூடத்திலேயே நடக்கும். குறித்த தேதி கருட சேவையன்று வந்து தொலைத்தது.

அன்று காலை நாதஸ்வரம் கிழக்கே கேட்டது, சம்பத் மேற்கே நடந்தான். தோளுக்குத் தண்டு ஏற ஆரம்பித்த நாளிலிருந்து கருட சேவையை அவன் விட்டதில்லை. அழுகை வந்தது. தெருவில் போகிறவர்கள் பார்க்கட்டும் என்று அழுதுகொண்டே போனான்.

நிலையத்தில் நாலு நாற்காலி, ஒரு மேஜை, வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம். எதிரே, ஓர வாசலில், வழக்கம்போலக் காத்திருப்பவர்கள். நிறைமாத ரெஹானாவும் ரயிலை விட்டுவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டாள். முடக்கத்தை அன்றைக்கு மட்டும் நீக்கியிருந்தார்கள். எப்போதும் ஊமையாக இருக்கும் வாசலுக்கு, நடுவர் கேட்பதற்காகக் குரலும் கொடுத்திருந்தார்கள்.

"நடந்து காட்டுங்க" என்றார் செண்பகவல்லி.

சம்பத் நடந்தான். பச்சை விளக்கு எரிந்தது. 'வணக்கம், சம்பத்' என்றது வாசல்.

"அவர் நடை அவர்கிட்ட இருக்கு. வேற யார்கிட்டல்லாம் இருக்குங்கிறதுதான் கேள்வி" என்றார் கார்முகிலன்.

அந்தக் கேள்விக்கான பதில் அப்போதுதான் படியிறங்கி வந்துகொண்டிருந்தது. புறப்பாடு முடிந்து பெருமாளை மண்டபத்தில் விட்ட கையோடு, வேட்டியைக்கூட மாற்றாமல், சம்பத்துக்குத் துணை நிற்க ஸ்ரீபாதக்காரர்கள் எல்லோரும் கிளம்பி வந்துவிட்டார்கள். வெறுங்கால், ஈர வேட்டி, வழிந்த திருமண். முன்னால் கோவிந்தராஜன், பாங்க்கில் மேனேஜர், எல்லோருக்கும் மாமா. விசாரணை உள்ளே என்றதும் அவர் நேரே வாசலுக்குள் நடந்தார்.

'வணக்கம், சம்பத்.'

மாமா திரும்பிப் பார்த்தார். பின்னால் கேட்டரிங் முகுந்தன்.

'வணக்கம், சம்பத்.'

அவனுக்குப் பின்னால் சாப்ட்வேர் திருமலை. 'வணக்கம், சம்பத்.' அவனுக்குப் பின்னால் இன்னொருவன். வாசலுக்கு வாய் வலிக்கவில்லை. ஒவ்வொருவரையும் அதே மரியாதையோடு, அதே பெயர் சொல்லி, உள்ளே விட்டது. கூட்டத்தில் யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள்.

கார்முகிலன் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "மேடம், நான் நிரூபிக்க வேண்டியதே இல்ல. அவர் வித்த ஆளுங்க எல்லாரும் இதோ வரிசையா நிக்கிறாங்க."

"காலைக் காட்டுங்க" என்றார் நடுவர்.

காட்டினார்கள். செருப்பே இல்லை. அப்புறம் எங்கே கருவி வைப்பது? வெடிப்பும் மண்ணும், யார் பாதத்திலோ ஒட்டியிருந்த ஒரு துளசி இலையும் தவிர அங்கே ஒன்றும் இல்லை.

"உங்க சொந்த நடையில நடங்க."

மாமா கைகூப்பினார். "இதுக்கு மேல சொந்தமா நடக்க வராதும்மா. விடியறதுக்கு முன்னால தோள் குடுத்தது. ஆத்துக்குப் போய்க் குளிச்சு, ஒரு தூக்கம் போட்டாதான் அவாவா கால் அவாவாளுக்குத் திரும்பும். அது வரைக்கும் எல்லாருக்கும் இதே கால்தான்."

சம்பத்துக்கு அப்போதுதான் விளங்கியது. பெட்டியைக் குலுக்கினால் ரத்தம் கெட்டுவிடும் என்று வேலையில் சேர்ந்த நாளிலேயே சொல்லியிருந்தார்கள். குலுங்காமல் நடக்க அவனுக்குத் தெரிந்தது ஒரே ஒரு நடைதான். பெருமாளை எப்படியோ, அப்படியே ரத்தத்தையும். தினமும் அதே நடையில் நடந்து, வாசலில் அதையே தன் நடையாகப் பதிந்துவிட்டான். மற்றவர்கள் புறப்பாடு முடிந்து அரைத்தூக்கத்தில், அந்த நடை காலை விட்டு இறங்குவதற்குள், கிண்டிக்கும் தாம்பரத்துக்கும் ஆபீஸ் போயிருக்கிறார்கள். ஊமை வாசல் பச்சை விளக்கைக் காட்டி அனுப்பியிருக்கிறது.

அவன் அதைச் சொல்லி முடித்தான். கார்முகிலன் முகம் வெளுத்திருந்தது. மனிதர் கெட்டவரில்லை, தன் ஏற்பாட்டின் அடிக்கல் ஆடுவதைப் பார்த்த பயம்.

"ஒத்துக்கறேன், மோசடி இல்ல. ஆனா மேடம், உரிமையாளர் இல்லாத நடைய சிஸ்டத்துல வச்சுக்க முடியாது. இது சம்பத் நடைன்னா மத்தவங்க இனிமே இப்டி நடக்கக்கூடாது. எல்லாருதும்னா அந்த நடையையே மூடியாகணும், எல்லாரும் பட்டை வச்சுக்கணும். ஒரு நடைக்கு ஒரு பெயர்."

செண்பகவல்லி கண்ணாடியைக் கழற்றினார். "சம்பத், நீங்கதான் சொல்லணும். இது யாரோட நடை?"

என்னுது என்று சொன்னால் அவன் வேலை பிழைத்தது, மாமாவும் முகுந்தனும் திருடர்கள். எங்களுது என்று சொன்னால் எல்லோர் காலுக்கும் பட்டை. சம்பத் தன் கூட்டத்தைப் பார்த்தான். யாரும் அவனை எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் நின்றதுதான் தாங்கவில்லை. உள்ளதைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தான்.

"என்னுது இல்லம்மா. எங்க யாருதும் இல்ல. பெருமாளோடது. நடக்கறது அவர்தான். நாங்க கால் குடுக்கறோம், அவ்ளோதான்."

கார்முகிலன் பெருமூச்சு விட்டார். "சார், பதிவுக்கு ஒரு நபர் வேணும்."

ஜெசிந்தா கடித்துக்கொண்டிருந்த பேனாவை வாயிலிருந்து எடுத்தார். எடுத்த விதத்தைப் பார்த்து, முன்பு அவரிடம் வழக்காடித் தோற்று, இப்போது கூட்டத்தில் நின்ற ஜெராக்ஸ் கடைக்காரர் பக்கத்தில் இருந்தவரை இடித்தார்.

"சம்பத், கோயில் நிலமெல்லாம் யார் பேர்லயா இருக்கு?"

"பெருமாள் பேர்லதான்."

"தண்ணி வரி?"

"அவர் பேருக்குத்தான் வரும்."

"ஆகக்கூடி சட்டத்தோட கண்ணுக்கு உங்க பெருமாள் ஒரு நபர். சொத்து வச்சுக்கலாம், கேஸ் போடலாம், அவர் மேலயும் கேஸ் போடலாம். சரிதானே மேடம்?" நடுவர் தலையசைத்தார். "கார்முகிலன் சார், நபர் கிடைச்சாச்சு. அவர் பேர்ல பதிஞ்சுக்குவீங்களா?"

கார்முகிலன் யோசித்தார். "சட்டப்படி நபர்னா பதியலாம். ஆனா அவருக்குக் கணக்கு வேணும், பயணத்துக்குக் கட்டணம் போகணும். ஒரே நேரத்துல பல எடத்துல ஏறினா மறுபடி முடக்கம்தான்."

"வேற எதுவும் கேக்கல, ஒரே ஒரு கேள்வி. மைனர் நடைக்கு உங்க விதி என்ன?"

"மைனருக்குக் கட்டணம் கிடையாது. முடக்கமும் கிடையாது. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"என்ன காரணம் காட்டியும் முடக்க மாட்டீங்களா?"

"மாட்டோம் மேடம். அது எங்க முதல் விதி."

"ரொம்ப நன்றி. மேடம், கோயில் தெய்வம் சட்டத்துக்கு முன்னால மைனர். இன்னைக்கு மட்டும் இல்ல, என்னைக்கும். அதுக்குத்தான் தர்மகர்த்தா பொறுப்புல அவரை வச்சிருக்கு. நான் தினமும் மாதாவைக் கும்பிடறவ. ஆனா இது சட்டக் கல்லூரியில முதல் வருஷப் பாடம்."

முதலில் சிரித்தது ஓர வாசல் காவலாளி. அதற்குப் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. முகுந்தன் தன்னை மறந்து விசில் அடித்தான். செண்பகவல்லி மட்டும் முகத்தை ஆடாமல் வைத்துக்கொண்டு, கார்முகிலனின் விதிப் புத்தகத்தை வாங்கி ஒருமுறைக்கு இருமுறை படித்தார். பிறகு எழுதச் சொன்னார்.

இந்த நடை வரந்தரும் பெருமாளுடையது, மைனர். முடக்கம் ரத்து. அதோடு அவர் நிறுத்தவில்லை. ஒரே நடையில் பலர் நடக்க முடியும் என்பதை இந்த நடுவர் கண்ணால் கண்டுவிட்டதால், நடையை மட்டும் வைத்து இனி எவரையும் குற்றவாளியாக்கக் கூடாது, எவருக்கும் வழியை அடைக்கக் கூடாது. ஒவ்வொரு வாசலிலும் ஒரு மனிதர் இருக்க வேண்டும். எந்த வாசலையும் திறக்கும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும்.

"அப்போ நான் போலாமா?" என்று ரெஹானா கேட்டாள். காவலாளி ஓர வாசலை விட்டு வந்து, பெரிய வாசலையே அவளுக்குத் திறந்துவிட்டார். கூட்டம் கைதட்டியது. அவள் ராணி மாதிரி, மெதுவாக, தன் அன்றைய நடையில் நடந்து போனாள்.

அன்று சாயங்காலப் புறப்பாட்டில் சம்பத் முன் தண்டில் தோள் கொடுத்தான். வீட்டு வாசலில் மைதிலி நின்றிருந்தாள். பெருமாளைச் சேவித்தாளோ இல்லையோ, அவன் முகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். ரப்பர் பட்டைகள் ஆடிக்கொண்டிருந்த கட்டில் காலுக்கு முட்டுக்கொடுக்கப் போயின.

மறுநாள் முதல் அவன் நீலப் பெட்டியோடு நடந்து போனால் வாசல் கிலுகிலுப்பை ஆட்டியது. ஆபீஸ் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தாரிணிக்குப் பெருமை பிடிபடவில்லை. தேரன்றும் மற்றப் புறப்பாட்டு நாட்களிலும் வரிசையாக நரைத்த தலைகள் கிலுகிலுவென்று உள்ளே போயின. சம்பத் தன் ரயில் கட்டணத்தை மாதா மாதம் கோயில் உண்டியலில் போட்டான். மைனருக்குச் சேர வேண்டியது மைனருக்கே சேர்ந்தது.

சில வாரங்கள் கழித்துக் கார்முகிலன் நிலையத்தில் அவனைத் தேடி வந்தார். கையில் திரை, முகத்தில் குழப்பம்.

"சார், மறுபடி ஒரு பிரச்சினை. நேத்து எழும்பூர்ல உங்க பெருமாள் நடை ஏறியிருக்கு. உங்க கோஷ்டியில யாரும் இல்ல. நீங்க யாருக்காவது சொல்லிக்குடுத்தீங்களா?"

"சொல்லிக்குடுத்து வர்ற நடை இல்லையே சார்."

கார்முகிலன் திரையைக் காட்டினார். பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரிப் பக்கத்து வாசல். ரெஹானா வந்துகொண்டிருந்தாள். மார்போடு ஒரு துணி மூட்டை, அதற்குள் பிறந்து இரண்டே நாளான தலை. முழங்கால் மடிவதும், குதிகால் விழுவதும், மூச்சும் அளந்து வைத்த மாதிரி இருந்தன. மேலே எதுவும் குலுங்கவில்லை. வாசல் கிலுகிலுப்பை ஆட்டியது. அங்கே நின்ற காவலாளி, குழந்தைக்குத்தான் ஆட்டுகிறது என்று நினைத்து, குனிந்து அதைக் கொஞ்சினார்.

"கைக்குழந்தைய வாசல் படிக்காது. தரையில கால் படாதில்ல" என்றார் கார்முகிலன். "படிச்சது அந்த அம்மாவைத்தான். எல்லா அளவும் சரியா இருக்கு. நான் மூணு தடவை சரிபார்த்தேன். தப்புன்னு திருத்தறதா, விட்டுடறதா? என்னன்னு சார் எழுதறது?"

சம்பத் அந்தப் படத்தை இன்னொரு முறை ஓட்டச் சொன்னான். அவள் அடியெடுத்து வைப்பதைப் பார்க்கப் பார்க்க அவன் தோள் தானாக நிமிர்ந்தது. அவனையறியாமல் கை கூப்பிவிட்டான்.

"திருத்தாதீங்கோ சார். பெருமாள் ஏளறார்னு எழுதிக்கோங்கோ."